கிராம்பு வாசனையடித்த செப்புக் காசு

அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் என் உத்தியோகம். இலங்கைக்குப் போகிறவர்கள், அங்கிருந்து வருகிறவர்கள், அவர்களுடைய டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், ஓலைக் கொட்டான், குழந்தையின் பால் டப்பா என்று எல்லாவற்றிலும் கைவிட்டுத் துழாவ எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் தொடங்கி, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்கு இரண்டு வருஷம் முன்புவரை அந்தக் கரையில் சுங்கச் சோதனை வேலை பார்த்தேன். சோப்புக் கட்டியைப் பார்த்தால் அறுத்துப் பார்க்கத் தோன்றும். அழுகிற கிழவியைப் பார்த்தால் எதற்காக அழுகிறாள் என்று தோன்றும். ஒரு நாள் என் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே, "ஏன் என்னைய அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன கப்பல்ல வந்து எறங்குனேனா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த நாட்களில்தான் நான் ரோமக் காசு சேர்த்தேன்.

ஆரம்பம் தற்செயலாக நடந்தது. வைகை கடலில் சேரும் பக்கத்தில் ஒரு படகு ஆளில்லாமல் ஒதுங்கியிருப்பதாகத் தகவல் வந்து விசாரிக்கப் போனேன். படகில் ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் ஒரு மேடு. முந்தின வாரம் பெய்த மழை அதன் சரிவை ஆழமாக அறுத்திருந்தது. அறுந்த இடத்தில் முழங்கை ஆழத்துக்குப் பானை ஓடுகளும் பெரிய பெரிய செங்கல்லும் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் நடுவே பச்சையாக ஒரு பொட்டு. சட்டைப் பொத்தான் அளவுள்ள செப்புக் காசு. மதுரையில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் ஈட்டி பிடித்த இரண்டு சிப்பாய்கள், நடுவில் ஒரு கொடிக்கம்பம். "ரோமாபுரிக் காசு. ஆயிரத்தறுநூறு வருஷம் இருக்கலாம்" என்றார்.

பிறகு விடுமுறை கிடைத்தால் இடிபாடுகளுக்குப் போனேன். கரூரில் ஆற்று மணலில் பகலெல்லாம் நடந்தேன். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் சரிந்து கிடந்த செங்கல் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தேன். மதுரையில் வைகை மணலைச் சலிக்கிறவர்களோடு நின்றேன். எங்கெல்லாம் போனேனோ அங்கெல்லாம் கிடைத்ததை மட்டும் வைத்துக்கொள்வது என்று ஒரு விதி எனக்கு. கண்ணால் பார்க்காத இடத்துக் காசு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். காசை நம்பலாம், கொண்டுவருகிற ஆளை நம்பக்கூடாது என்று நினைத்தேன். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, மேலே இடத்தின் பெயரை எழுதி ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தேன். அந்த முதல் மேட்டின் பக்கத்து ஊர்ப் பெயரை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை. படித்துவிட்டு மண்வெட்டியோடு கிளம்ப இன்றைக்கும் ஆள் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பு, தீவுக்குப் போகிற ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம், கரையில் இருந்தது. தீவிலுள்ள அக்காள்மடத்திலிருந்து ஒரு பெண் வாரம் ஒருமுறை கருவாட்டுக் கூடையோடு ரயிலேறிப் பாலம் தாண்டி வருவாள். வேதக்கார மீனவக் குடும்பம். நாற்பது வயதிருக்கும். எங்கள் வீட்டுப் பின்வாசலில் கொஞ்சம் விற்றுவிட்டு, மீதியை வைகைப் பக்கத்துக் கிராமங்களில் விற்கப் போவாள். ஒரு காலையில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடி வைத்துக் காசு பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டாள்.

"என்ன சார், காசுக்குப் போயிக் கண்ணாடி வச்சுப் பாக்குறீக?"

"பழைய காசும்மா."

கையை நீட்டினாள். கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள். "இது மாதிரி நான் கருவாடு போடுற ஊர்ல கெடக்கு சார். வேணும்னா வாங்கியாரேன்."

"எந்த ஊரு?"

அவள் சொன்னது என் மேட்டின் பக்கத்து ஊர். எனக்குச் சுருக்கென்றது. நான் அங்கே போனது யாருக்கும் தெரியாது. இவளுக்கு யார் சொன்னது? இத்தனை ஊர் இருக்க அந்த ஊர் ஏன் இவள் வாயில் வருகிறது? சரி, கொண்டுவரட்டும், பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கொண்டுவந்தாள். புளி போட்டுத் தேய்த்து, பொட்டுத் தங்கம் மாதிரி பளபளவென்று இருந்தது. தேய்க்கக்கூடாது என்று கோபித்துக்கொண்டேன். நான் கொடுத்த பணத்தை எண்ணிப் பார்க்காமலேயே வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு போனாள். கால் வீசை நெத்திலிக் கருவாட்டுக்கு என் மனைவியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவள், காசு விஷயத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. பேரம் பேசாத வியாபாரியை என் உத்தியோகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டு மாதத்தில் ஏழு காசு கொண்டுவந்தாள். அவற்றை நான் பிஸ்கட் தகரத்தில் சேர்க்கவில்லை. வேறொரு மருந்து டப்பாவில் போட்டு, மேலே ஒன்றும் எழுதாமல் வைத்தேன். எல்லாம் நல்ல காசுகள். என் மேட்டில் நான் நான்கு தடவை நாள் முழுக்கக் குனிந்து நடந்தும் ஒன்றுக்கு மேல் கிடைத்ததில்லை. இவளுக்கு மட்டும் வாரம் தவறாமல் எப்படிக் கிடைக்கிறது?

என் மேலதிகாரியிடம் பேச்சுவாக்கில் ரோமக் காசைப் பற்றிக் கேட்டேன். அவர் கொழும்பில் கொஞ்ச காலம் இருந்தவர். "அந்தச் சின்னச் செப்புக் காசா? அக்கரையில பானை பானையா எடுக்குறான். வர்றவன் எவனாவது சாமானோட சாமானா அதையும் கொண்டாருவான். நீர் எங்கயாவது வாங்கி மாட்டிக்காதீரும்" என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. இவருக்குத் தெரியுமோ? தெரிந்துதான் சொல்கிறாரோ? அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

எட்டாவது காசை அவள் ஒரு கந்தல் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். துணியைப் பிரித்தபோது கிராம்பு வாசனை வந்தது. எங்கள் சுங்கச் சாவடியில் அந்த வாசனைக்கு ஒரே அர்த்தம்தான். அந்த நாளில் அக்கரையிலிருந்து திருட்டுத்தனமாக வருகிற சரக்கில் முக்கால்வாசி கிராம்பு.

அன்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். புருஷன் கடலுக்குப் போகிறவன். காசு வைகைப் பக்கத்தில் கிடைக்கிறதென்றால் அங்கிருந்துதானே என் வீட்டுக்கு வரவேண்டும்? இவளோ தீவிலிருந்து வரும்போதுதான் கொண்டுவருகிறாள். பேரம் இல்லை. இப்போது கிராம்பு. இன்று காசு கொடுத்து என்னைப் பழக்குகிறாள், நாளை ஒரு மூட்டையைப் பார்க்காமல் விடச் சொல்லுவாள். இப்படி முடிவு கட்டிவிட்டேன். அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று கேட்கவில்லை.

எங்கள் சாவடியில் ஒரு சிப்பாய் இருந்தான். சந்தேகம் என்று சொன்னால் போதும், ஆளை உலுக்கி எடுத்துவிடுவான். அவனைக் கூப்பிட்டு, "அந்தக் கருவாட்டுக்காரம்மா பாலம் தாண்டி வரும்போது ஒரு கண்ணு வச்சுக்கய்யா" என்றேன். கவனிக்கத்தான் சொன்னேன் என்று பிற்பாடு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அடுத்த வாரம் காலை ரயில் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பிளாட்பாரத்தில் கூச்சல். நான் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சிப்பாய் அவள் கூடையைக் கவிழ்த்திருந்தான். வாளைக் கருவாடும் நெத்திலியும் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. இறங்கியவர்கள் ஏறப்போகிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவளோடு அதே ரயிலில் வந்த அவள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் தள்ளி நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். முந்தியை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்தாள். அவளை நடத்திக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"சார், பாருங்க. கிராம்பு!"

மேசைமேல் வைத்தான். ஐந்து கிராம்பு. ஒரு கந்தல் துணி. ஒரு காசு.

அவள் என்னைப் பார்த்தாள். பதற்றம் போய், தெரிந்த மனிதரைக் கண்டுவிட்ட நிம்மதி அவள் முகத்தில் வந்தது. "சார், சொல்லுங்க சார். இந்தக் காசு யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

சிப்பாய் என் முகத்தைப் பார்த்தான். அடுத்த அறையில் மேலதிகாரி இருந்தார். நான் பேனாவை எடுத்தேன்.

"எங்கருந்தும்மா கொண்டு வந்த?" என்று, அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளைப் பார்ப்பவன் போலக் கேட்டேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் காசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கிராம்பு பல்லு வலிக்கு சார்" என்று மட்டும் சொல்லி, கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். இடது கன்னம் நன்றாக வீங்கியிருந்தது. இரண்டு மாதமாக வாரா வாரம் அந்த முகத்தை, பொய் இருக்கிறதா என்று உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். வீக்கம் கண்ணில் படவில்லை.

ஐந்து கிராம்புக்கு வழக்குப் போட முடியாது. போகச் சொன்னோம். காசை மட்டும் மேலே அனுப்பவேண்டும் என்று சிப்பாய் பிடிவாதம் பிடித்தான். "பழைய செப்புக் காசு ஒன்று. தேய்ந்தது. எழுத்துத் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நன்றாகவே தெரிந்தது. அவள் வெளியே போய்க் கீழே உட்கார்ந்து, மண் ஒட்டிய கருவாட்டை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கூடையில் போட்டாள். நான் அதைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் அவள் வரவில்லை. மனைவி கேட்டாள். முதலில் மழுப்பினேன், பிறகு சொன்னேன். "ஞாயித்துக்கெழமை போயிப் பாத்துட்டு வாங்க. நீங்க போகலேன்னா நான் போவேன்" என்றாள்.

போனேன். அக்காள்மடத்தில் ரோட்டிலிருந்து கடல் பக்கமாக நடந்தால் அவர்கள் வீடு. புருஷன் வாசல் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவள் வாசலில் வந்து நின்றாள். அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள் போல, கன்னம் வற்றியிருந்தது.

"இன்னும் என்ன சோதிக்கணுமாம்?" என்று அவன் வலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"சந்தேகப்பட்டேன். தப்பு என் மேலதான்" என்றேன்.

"ஒங்களுக்கு மட்டுமா சந்தேகம்? நான் அன்னைக்கே இவள்ட்ட சொன்னேன். சுங்கத்துக்காரன் சும்மா பழங்காசு வாங்க மாட்டான், அக்கரைக்கு எவன் போறான் எவன் வாரான்னு ஒன் வாயக் கிண்டுறான், போகாதடின்னேன். கேட்டாளா?"

நான் அவர்களைச் சந்தேகித்த அதே நாட்களில் அவன் என்னைச் சந்தேகித்திருக்கிறான். அவன் காரணமும் என் காரணத்தைப்போல நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப ஏன் பேரம் பேசாமக் குடுத்த?" என்று அவளிடம் கேட்டேன். அப்போதும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தேஞ்ச காசுக்கு நல்ல காசு குடுக்குற ஆள்ட்ட என்னத்த சார் பேசுறது? எனக்கே கூச்சமா இருந்துச்சு. கெணத்து மண்ணுல கெடந்தத அந்த ஊருப் பொம்பளைக ரெண்டு கருவாட்டுக்குக் குடுத்தாளுக. திரும்பையில நேரா ரயிலப் புடிச்சு வீட்டுக்கு வந்துருவேன். மறுவாரம் வாரப்ப ஒங்களுக்குக் கொண்டாருவேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிக் காட்டியிருப்பேன்ல?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தேன்.

"இப்பவும் காட்டுறேன்" என்றாள். "ஒங்களுக்காக இல்ல. ஒங்க மனசுல அக்கரைக் காசுன்னு இருக்குல்ல, அது போகணும். அதுக்கப்புறம் நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும்."

அந்த வாரத்திலேயே லீவு போட்டுவிட்டுப் போனேன். உச்சிப்புளியில் இறங்கி வண்டிப் பாதையில் நடந்தோம். அவள் கூடையோடு முன்னே போனாள், நான் பத்தடி பின்னால். என் மேட்டைத் தாண்டி நூறு கெஜம் உள்ளே, உழவு வேலை பார்க்கிற ஒரு சம்சாரியின் வீடு. கொல்லையில் தூர்ந்த கிணற்றை நாலு மாதமாக ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேலே கறுப்பு மண் குவியல் ஆளுயரத்துக்கு. அதில் நான் மேட்டில் பார்த்த அதே ஓடுகள், அதே பெரிய செங்கல்.

வீட்டுப் பெரியவர் என் செருப்பையும் சட்டையையும் பார்த்தார். "யாரு தாயி இது?"

"தெரிஞ்ச சார்தான்யா. அந்தப் பழங்காசு பாக்கணுமாம்."

"காசா? இங்கன ஏது காசு? ஓட்டாஞ்சில்லும் களிமண்ணும்தான் வருது." குவியலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். கிணற்றுக்குள்ளிருந்து மண்வெட்டிச் சத்தம் நின்றது. உள்ளே இருந்தவனும் காது கொடுக்கிறான் என்று தெரிந்தது. மருமகள் ஒருத்தி மெதுவாக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். புதையல் என்று சொல்லிக் கிணற்றையும் கொல்லையையும் கவர்மெண்டு எடுத்துக்கொள்ளும் என்ற பயம். நான் என்ன சொன்னாலும் அவர் தலையாட்டினாரே தவிர நகரவில்லை.

கருவாட்டுக்காரப் பெண் கூடையை இறக்கி வைத்தாள். "அய்யா, இவரு ஒங்க கெணத்தப் புடுங்க வரல. இந்தக் காச நான் களவாண்டு வந்தேனா, வாங்கி வந்தேனான்னு தெரிஞ்சுக்க வந்திருக்காரு. எம் மானம் ஒங்க கையில இருக்கு."

பெரியவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒதுங்கினார்.

நான் குவியலின் அடியில் குந்தி உட்கார்ந்து மண்கட்டியை ஒவ்வொன்றாக உடைத்தேன். வெயில் முதுகைச் சுட்டது. ஒரு மணி நேரம் ஓடு மட்டும்தான். யாரோ முன்னதாகவே போட்டுவைத்ததை நான் எடுத்ததாக ஆகிவிடக்கூடாது என்று, கிணற்றிலிருந்து அப்போதுதான் வந்த ஈரக் கூடை மண்ணை வாங்கிக்கொண்டேன். அங்கே உட்கார்ந்தும் என் புத்தி அப்படித்தான் போயிற்று. மூன்றாவது கூடையில் ஒரு கட்டியைப் பிளந்தபோது பச்சைப் பொட்டு தெரிந்தது. அவள் செம்பில் தண்ணீர் ஊற்றினாள். கழுவினேன். இரண்டு சிப்பாய்கள், நடுவில் கொடிக்கம்பம்.

மருமகள் கதவைத் திறந்து ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். உள்ளே அதே மாதிரி மூன்று. "இந்த வாரக் கருவாட்டுக்கு வச்சிருந்தோம்" என்றாள்.

பெரியவர் நான் எடுத்ததை என்னிடமே விட்டுவிட்டார். "எடுத்துட்டுப் போங்க. யார்ட்டயும் எங்க ஊரச் சொல்லாதீக" என்றார்.

திரும்பி வரும் வழியில்தான் அவள் கேட்டாள். "நாலு பேரு முன்னாடிதான சார் எங் கூடையக் கவுத்தாக? நாலு பேரு முன்னாடிதான அத நிமித்தணும்? ஊருல கிராம்புக்காரின்னு கூப்புடுறாளுக. எம் புருசன் கோயிலுக்கே வரமாட்டேங்குறாரு."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரம் அவர்கள் ஊர் மாதா கோயில் முற்றத்தில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சுங்கத்துக்காரன் கோயிலுக்கு வந்தால் யாரைப் பிடிக்க வந்தானோ என்றுதான் நினைப்பார்கள். நான் சத்தமாகச் சொன்னேன். அந்தம்மா கொண்டுவந்த காசு களவுமில்லை, அக்கரைச் சரக்குமில்லை, எனக்காகக் கொண்டுவந்தது, சோதனை போடச் சொன்னதும் நான்தான், தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்ததும் நான்தான். கூட்டத்திலிருந்து ஒருவன், "அப்ப காசு வாங்குனது நீங்கதானா சார்?" என்று கேட்டான். "நான்தான்" என்றேன். சாமியார் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் புருஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான். அவள், "சரி சார், வாரோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் பின்னால் போனாள்.

நான் சொன்னது பத்து நாளில் சாவடிக்கு வந்து சேர்ந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன். விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. ரயில் பயணிகளிடம் பொருள் வாங்கியது ஏன், எத்தனை முறை, விற்ற பெண்ணின் பெயர் என்ன, காசு எடுத்த கிராமம் எது. முதல் இரண்டுக்கு உள்ளதை எழுதினேன். பெயரும் ஊரும் தெரியாது என்று எழுதினேன். இரண்டும் தெரியும். உத்தியோகத்தில் இருந்தவரை நான் தெரிந்தே எழுதிய பொய்கள், அந்தக் காசில் எழுத்துத் தெரியவில்லை என்றதும் இதுவும்தான்.

சேர்த்த காசு அத்தனையையும் பரிசோதனைக்கு ஒப்படைக்கச் சொன்னார்கள். காகித மடிப்புகளோடு பிஸ்கட் தகரத்தையும் மருந்து டப்பாவையும் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து, ஆட்சேபணை இல்லை என்ற குறிப்போடு ஒரு உறை திரும்பி வந்தது. பிரித்துக் கொட்டினேன். காசுகள் மட்டும் விழுந்தன. இடம் எழுதிய காகிதம் ஒன்றுகூட இல்லை. யாரோ ஒரு குமாஸ்தா, குப்பை என்று நினைத்துக் காகிதத்தை உருவிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கட்டியிருக்கிறார்.

தரையில் துணி விரித்து, கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தேன். கரூர் எது, அரிக்கமேடு எது, மதுரை மணலில் வந்தது எது? எல்லாம் அதே அளவு, அதே பச்சை, பாதிக்கு மேல் அதே இரண்டு சிப்பாய்கள். ஒன்றைக்கூடச் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு காசையும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் பிரித்து வைத்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுல அந்தம்மா குடுத்தது எது?"

"தெரியல."

"நீங்களாப் போயி எடுத்தது?"

"அதும் தெரியல."

அவள் குனிந்து, துணியின் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கி, காசுகளை ஒரே தகரத்தில் கொட்டி மூடினாள். நான் தடுக்கவில்லை. தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போனபோதும் அது அப்படியே வந்தது. யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவேன், போன இடங்களைச் சொல்லுவேன். எந்தக் காசு எந்த இடம் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவேன். சிலர் நம்பாமல் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.